ஜமாலியாவின் வால் இழை

1-2-70, ஞாயிறு

காலையில் நல்ல பனி. தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. தை முடிவதற்குள் இப்படி.

கார்மைன் சாயம் புதிதாகக் காய்ச்சினேன். கிராம்புத் தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். தெய்வானையின் மூக்குக்கண்ணாடிக்குக் கம்பி மாற்ற வேண்டும் (மறுபடியும் மறந்தேன்). கட்டுரைக்கான படங்களை மையில் இழுத்து முடித்தாயிற்று.

மூன்று படங்கள். முதலாவது முழுப் புழு. இரண்டாவது கொக்கிகள் மட்டும். மூன்றாவதுதான் உயிர்நாடி. புழுவின் பின்கோடியில் வட்டமான ஒட்டுத்தட்டு, அதிலிருந்து சுருண்டு வெளியே நீளும் ஒற்றை இழை. முறுக்கின நாடா மாதிரி. பச்சை நிறம். கார்மைன் முழுப் புழுவையும் சிவப்பாக்கிவிட்டு இதை மட்டும் தொடவில்லை. மீன் செவுளில் வாழும் எந்தத் தட்டைப்புழுவுக்கும் இப்படி ஓர் இழை இருப்பதாக நான் படித்த எதிலும் இல்லை. புது இனம் மட்டுமில்லை, புதுப் பேரினமே. பெயரும் வைத்தாயிற்று. ஜமாலியா.

எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. நாலு தரம் எழுதிப் பார்த்தேன்.

தெய்வானை யார் கேட்டாலும், "எங்க ஊட்டுக்காரரு மீனுக்குப் பேன் பாக்கறாருங்க" என்று சொல்லிவிடுகிறாள். திருத்தி அலுத்துவிட்டது. பேன் இல்லை, புழு. கடுகில் கால்வாசி. செவுளில் கொக்கியை மாட்டிக்கொண்டு அங்கேயே தின்று அங்கேயே சாகிறது. ஒரு மீனுக்கு உரியது இன்னொரு மீனில் பெரும்பாலும் தங்காது. கொக்கியின் வளைவையும் நீளத்தையும் வைத்துத்தான் இன்ன இனம் என்று பிரிப்பது. இவ்வளவும் சொன்ன பிறகு, "அப்பப் பேன்தானுங்களே" என்கிறாள்.

ஜமால் இருந்திருந்தால் அவள் பக்கம்தான் பேசியிருப்பான்.

3-2-70, செவ்வாய்

முதல் வருஷப் பையன்களுக்குத் தவளை. இரண்டு பேர் மயக்கம் என்று வெளியே போனார்கள். ஒருவனுக்கு நிஜம், இன்னொருவனுக்கு டீ.

எனக்கும் டீ. கடையில் கட்டிங் மாஸ்டர் போல இருந்த இரண்டு பேர், என்னைத் தெரியாமல்:

"நம்ம ஜமால் பாய் இருந்தாருல்ல, அவரு பேரை ஒரு புழுவுக்கு வெக்கறாங்களாமுங்க."

"புழுவுக்கா? என்ன பாவஞ் செஞ்சாரு மனுசன்?"

"வாத்தியார் ஒருத்தரு, சிநேகிதராமா."

"சிநேகிதம் இருக்கறப்பவே இப்பிடின்னா, வெரோதம்னா பேதி மாத்தரைக்கு வெச்சிருப்பாரு."

டீயை முழுங்கிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் சிரிப்பு. இதை முதலில் சொல்ல வேண்டிய ஆள் அவன்தானே, அவன் இல்லையே என்று பாலத்தருகே வந்தபோதுதான் உறைத்தது.

மூன்று வருஷம் ஆகிறது. மாரடைப்பு. காலேஜில் என் பக்கத்து மேஜை. பரீட்சை முடிந்ததும் அவன் அப்பாவின் பனியன் கம்பெனிக்குப் போனான், நான் வாத்தியார் ஆனேன். ஆனாலும் ஞாயிறு என்றால் இருவருக்கும் மீன்தான். 56-இல் ஒரு ஞாயிறு, கொமரலிங்கத்தில் அமராவதிக் கெண்டைகளின் செவுளிலிருந்து புழு எடுத்து ஐந்து ஸ்லைடு செய்தோம். மூன்று அவன் செய்தது, இரண்டு நான். பெட்டியில் போட்டதோடு சரி. போன வருஷம் பெட்டியைத் துடைக்கும்போது சும்மா ஒன்றை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இழை! அவன் செய்த மூன்றிலும் இருக்கிறது. நான் செய்த இரண்டிலும் இல்லை. என் கை முரட்டுக் கை, அறுத்திருப்பேன். கட்டுரையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். அவனுக்கு நிட்டிங் மெஷின் நீடில் மாற்றிப் பழகிய விரல்.

மாலையில் கம்பெனிக்குப் போனேன். இப்போது அவன் மனைவி மெஹருன்னிசாதான் எல்லாம் பார்க்கிறாள். முதலில் இந்தப் பெயர் விஷயத்தைச் சொன்னபோது, "புழுவுக்காங்கண்ணா?" என்று கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தபடி நின்றாள். பெயர் புத்தகத்தில் ஏறினால் அழியாது, எந்த நாட்டுக்காரன் அந்தப் புழுவைப் பார்த்தாலும் ஜமாலியா என்றுதான் சொல்லியாக வேண்டும் என்று சொன்னபிறகு முகம் மாறிற்று. "வேற நாட்டுலயுமுங்களா?" என்று கேட்டாள்.

இன்று ஓர் அட்டைப்பெட்டி மூடியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். சிவப்பெழுத்தில் ‘ஜமாலியா'.

"புது பனியனுக்கு இதாங்கண்ணா பேரு. ஒலகம் பூராப் படிக்கற பொஸ்தகத்துல வரப்போற பேருன்னு ஏஜண்டுங்க கிட்டயும் சொல்லிப்போட்டனுங்க. பொட்டி அச்சுக்குப் போயிருச்சு."

எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அவசரப்பட்டுவிட்டாளே என்றும் இருந்தது. கட்டுரை சென்னைப் பேராசிரியரிடம்தான் இருக்கிறது. அவர் சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் என்ன.

5-2-70, வியாழன்

பேராசிரியரின் கார்டு வந்தது. கட்டுரை நன்று. படங்களை மையில் அனுப்பவும். ஒரே ஒரு கேள்வி: இழையை உயிருள்ள புழுவில் பார்த்தீர்களா?

பகல் முழுக்கக் கோபம். சென்னையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்பது சுலபம். மூன்று ஸ்லைடைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன், எனக்குக் கண் இல்லையா?

மாலையில் கோபம் இறங்கிவிட்டது. கேள்வி நியாயம்தான். பார்க்கவில்லை. அன்றைக்கு நானும் ஜமாலும் புழுவை எடுத்தவுடன் பார்மலினில் போட்டுவிட்டோம்.

மறுபடி பிடிக்க வேண்டும். அதே ஆறு, அதே இடம், அதே மீன். நொய்யலில் வலை போட்டுப் பிரயோஜனமில்லை, அங்கே இப்போது பிளீச்சிங் வாடைதான். ஒரு காலத்தில் இதே பாலத்தடியில் வேட்டியை விரித்துக் கெண்டை அள்ளியிருக்கிறோம். அள்ளின வேட்டி ஜமாலுடையது. மறுநாள் அதே வேட்டியைக் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தான். முன் பெஞ்சு காலியாகிவிட்டது.

தெ. கண்ணாடிக் கம்பி மாற்றியாயிற்று. இன்றைய ஒரே சாதனை.

7-2-70, சனி

நாளைக்குக் கொமரலிங்கம். எடுத்து வைத்தவை: குடம், மெல்லிய துணி, சவர பிளேடு, சன்னமான தூரிகை, கைக்கண்ணாடி.

கைக்கண்ணாடி ஜமாலுடையது. பனியன் துணியில் பின்னல் கண்ணி எண்ணிப் பார்க்கிற மடக்குப் பூதக்கண்ணாடி. கம்பெனியிலிருந்து எடுத்து வருவான். ஆற்றங்கரையில் குத்தவைத்து உட்கார்ந்து செவுளை அதில் பார்த்து, "டேய், இவன் இருக்கறான்டா, ஆட்டறான் பாரு" என்று கத்துவான். அவனுக்குப் புழு எல்லாம் ‘இவன்'தான். ஆண் பெண் இரண்டும் ஒரே உடம்பில் என்று எத்தனை முறை சொன்னாலும் ‘இவன்'.

மெஹரு ஒரு பொட்டலம் பனியன் வேஸ்ட் கொடுத்தனுப்பினாள். வெட்டின துணியின் கழிவு. இந்த ஊரில் மெஷின் துடைப்பதிலிருந்து மூக்குத் துடைப்பதுவரை எல்லாம் வேஸ்ட்தான். என் ஸ்லைடும் அதன்மேல் மூடுகிற கவர் கிளாஸும் அதில்தான் துடைக்கிறேன். ஜமால் மட்டும் அதைத் தொடமாட்டான். கவர் கிளாஸைத் தான் போட்டிருக்கிற பனியன் ஓரத்திலேயே துடைப்பான். திட்டுவேன். "வேஸ்டுல தூசி இருக்கும்டா. இது சலவை பண்ணுனது" என்பான்.

அந்தப் பனியன்களும் ஒரு கதை. ஊரே வெள்ளைப் பனியன் போட்ட காலத்தில் கலர் பனியன் போடுகிறேன் என்று ஒரு லாட் அடித்தான். ஒன்றும் போகவில்லை. அத்தனையையும் தானே போட்டுத் தேய்த்தான். முதலாளி தன் சரக்கைத் தானே போட்டுக்கொண்டு மீன் பிடித்த ஒரே கம்பெனி அதுதான்.

பிளாஸ்கில் டீ. தெ. தயிர்சாதம் கட்டித் தருகிறாள். "மீன் கையோட திங்காதீங்க" என்றாள்.

8-2-70, ஞாயிறு

விடிகாலை பஸ். பல்லடத்தில் இறங்கி, முண்டியடித்து உடுமலைப் பஸ். அங்கிருந்து இன்னொன்று. கொமரலிங்கம் போய்ச் சேர்ந்தபோது வயலில் பனி விலகியிருந்தது. நெல் அறுத்த தாள். ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்கு. மணல் அப்படியே இருக்கிறது. நாங்கள் உட்காரும் பாறையும். அதில் தனியே உட்காரப் பிடிக்கவில்லை. நின்றுகொண்டே டீ குடித்தேன்.

வலை போடுகிற ராமன் இன்னும் இருக்கிறார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. பார்த்ததும் கண்டுகொண்டார்.

"ஏனுங் வாத்தியாரய்யா, எத்தனை காலமாச்சுங்க! கூட ஒரு பாய் வருவாரே, பாட்டுப் பாடிக்கிட்டு, அவரு வரலீங்களா?"

"வரலீங்க."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வலையை உதறப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஆற்றுக்குள்ளிருந்தே, "நல்ல மனுசருங்க" என்றார்.

கெண்டை நிறைய. கெண்டை மட்டும் பொறுக்கிக் குடத்தில் போட்டுக்கொண்டேன். வேறு மீன் கலந்தால் புழு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி எல்லாம் குழம்பிவிடும். மீன் செத்தாலும் புழு கழன்றுவிடும். ஆகவே உயிரோடு ஊர் சேர்க்க வேண்டும்.

உடுமலையில் கண்டக்டர்: "கொடத்துல என்னங்க, பாலுங்களா?"

"மீனுங்க."

"உசுரோடயா?"

"ஆமாங்க."

"அப்ப அதுகளுக்கும் டிக்கட் போட்டற்லாமுங்களா?"

பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் சேலையை இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். பொங்கலூர்க்காரர் ஒருவர் கிணற்றில் விட நாலு மீன் கேட்டார். கொடுக்கவில்லை. பிறகு வருத்தப்பட்டேன், இரண்டு கொடுத்திருக்கலாம்.

வீடு சேர்ந்தபோது வெயில் இன்னும் இருந்தது. குளிக்காமல் கூட ஜன்னல் ஓரம் மைக்ராஸ்கோப்பை வைத்தேன். முதல் மீனின் செவுளிலேயே இருந்தான். நாலு கண்புள்ளி. கழுத்தை நீட்டித் துழாவி, சுருங்கி, மறுபடி நீட்டி. பின்னால் தட்டு செவுளை இறுகப் பிடித்திருந்தது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு உயிரோடு பார்க்கிறேன்! ஸ்லைடிலேயே பார்த்துப் பார்த்து இது ஆடும் என்பதே மறந்திருந்தது. "ஜமால், ஆட்டறான் பாரு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். தெ. எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இழை இல்லை.

இன்னொரு புழு. இல்லை. அடுத்த மீன். இல்லை. வெளிச்சம் போகும்வரை பார்த்தேன். ஒன்றிலும் இல்லை.

9-2-70, திங்கள்

வகுப்பில் மனம் இல்லை. மண்புழு நடத்த வேண்டியது, மூட்டைப்பூச்சி நடத்தினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

சமாதானங்கள்: இழை உள்ளே மடங்கியிருக்கலாம். குளிர் மாதத்தில் இருக்காதோ என்னவோ. சாயம் ஏற்றினால்தான் தெரிகிற வகையாகவும் இருக்கலாம். எல்லாமே இருக்கலாம். ஆசை அவ்வளவு சுலபத்தில் விடுமா?

நேற்றுப் புழுக்களை இன்று கார்மைனில் போட்டாயிற்று. நாளைக்குக் கிராம்புத் தைலம், அதன்பின் கண்ணாடியை ஒட்டப் பால்சம் பிசின். வீடு முழுக்கக் கிராம்பு வாடை. பக்கத்து வீட்டு அம்மாள், "யாருக்குங்க பல்லுவலி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

10-2-70, செவ்வாய்

இழை இருக்கிறது!

(மேலே உள்ளதை மத்தியானம் எழுதினேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.)

இரண்டாவது ஸ்லைடில் கண்டேன். சுருண்டு, முறுக்கின நாடா மாதிரியேதான். சிவப்பாக. மனசு குதித்தது. ஸ்லைடை நகர்த்திப் புழுவைத் தேடினேன். புழு அங்கே இல்லை. அது அக்கட்ட, ஸ்லைடின் மறுகோடியில் கிடந்தது. இழை தன் பாட்டுக்கு வெறும் பால்சத்தில் தனியே கிடந்தது.

பிறகு மேஜையைப் பார்த்தேன். வேஸ்ட் பொட்டலம். அதிலிருந்து ஒரு நார் பிய்த்து, கண்ணாடியில் வைத்து, ஒரு சொட்டுக் கார்மைன் விட்டுப் பார்த்தேன்.

அதேதான். பருத்தி. பருத்தி இழை காய்ந்தால் முறுக்கின நாடா மாதிரி இருக்கும் என்பது இந்த ஊரில் நூல் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரியும். நெசவுக் குடும்பத்தில் பிறந்த எனக்கும் தெரியும். கட்டுரையிலும் அந்த வார்த்தையைத்தான் எழுதியிருக்கிறேன்! முறுக்கின நாடா! எழுதும்போது ஒரு தரமாவது உறைத்ததா? கார்மைனில் படிகாரம் இருக்கிறது, படிகாரம் போட்டால் பருத்தியில் சாயம் பிடிக்கும், இதைப் பட்டறையில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். சென்னையிலோ பம்பாயிலோ யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. காற்றிலேயே பஞ்சு பறக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு பஞ்சுக்குப் பேரினம் கண்டுபிடித்தவன் நான் ஒருவன்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஏங்கினவன் கண்ணுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

ஜமாலின் மூன்று ஸ்லைடையும் எடுத்துப் பார்த்தேன். மைக்ராஸ்கோப்பின் திருகை ஒரு மயிரிழை திருப்பினால் போதும். புழு மங்கி இழை தெளிகிறது. திருப்பி விட்டால் இழை மங்கிப் புழு தெளிகிறது. இழை புழுவிலிருந்து முளைக்கவில்லை, மேலே கிடக்கிறது. மூன்றிலும். ஒரு வருஷமாகத் திருகிக்கொண்டுதான் இருந்தேன், பார்க்கத்தான் இல்லை.

என் முரட்டுக் கை ஒன்றையும் அறுக்கவில்லை. என் இரண்டு ஸ்லைடும் சுத்தமாக இருந்தன, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் புரியவில்லை. வேஸ்ட் வெள்ளை, சாயம் பிடித்தால் சிவப்பு. அவனுடைய மூன்றிலும் பச்சை. எங்கிருந்து வந்தது? போகட்டும். பச்சையோ சிவப்போ, பஞ்சு பஞ்சுதான்.

11-2-70, புதன்

கடைசி நம்பிக்கை: இழை போனாலும், கொக்கிகள் புதிதாக இருந்தால் புது இனம் என்றாவது ஆகும். அப்போது பேரினத்துக்கு இல்லாவிட்டாலும் இனத்துக்கு அவன் பெயரை வைக்கலாம். காலை முதல் அளந்தேன். பெரிய கொக்கி, குறுக்குப் பட்டை, ஓரத்துக் குட்டிக் கொக்கிகள். பழைய விவரிப்புகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன்.

முன்பே பெயர் உள்ள புழுதான். வேறு ஆற்றுக் கெண்டையில் வேறு யாரோ கண்டு எப்போதோ எழுதிவிட்டது. வளைவுகூட மாறவில்லை.

பேராசிரியருக்குக் கார்டு: உயிருள்ள புழுவில் இழை இல்லை. அது பருத்தி. கட்டுரையைத் திருப்பி அனுப்பவும். கேட்டதற்கு நன்றி. கடைசி வரியை மனசாரத்தான் எழுதினேன். அச்சேறியிருந்தால் ஊர் உலகம் சிரித்திருக்கும், அதுவும் ஜமால் பெயரைச் சொல்லிச் சிரித்திருக்கும்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. என் மானம் போனால் போகட்டும், அது என்ன பெரிய மானம். மெஹருவிடம் என்ன சொல்ல? அழியாது என்று சொன்னவன் நான். அவள் ஏஜண்டுகளிடம் சொல்லி, பெட்டி அச்சடித்து உட்கார்ந்திருக்கிறாள்.

13-2-70, வெள்ளி

நேற்றும் போகவில்லை, இன்றும் போகவில்லை. கம்பெனித் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு காலேஜ் போகிறேன். சைக்கிள் பஞ்சர். தெய்வகுற்றம்.

தெ. கேட்டுவிட்டாள். சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"போயிச் சொல்லிப்போட்டு வாங்க. வேற வாய்ல கேட்டா அந்தப் புள்ளைக்கு மனசு நொந்து போகும்."

"என்னன்னு சொல்றது?"

"நடந்ததைச் சொல்லுங்க. சோத்துல கல்லு கெடந்தா எடுத்துப் போட்டுட்டுத் திங்கறதில்லீங்களா?"

கல் இல்லை, பஞ்சு என்று திருத்தப் போனேன். பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

15-2-70, ஞாயிறு

மைக்ராஸ்கோப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனேன். எதற்கு எடுத்துப் போனேன் என்று எனக்கே தெரியாது. கையில் ஏதாவது இருந்தால் தைரியம் என்பதற்காக இருக்கும்.

ஞாயிறு, கம்பெனியில் மெஷின் ஓடவில்லை. அந்த அமைதி எனக்குப் பழக்கமில்லை. மூலையில் ஆள் உயரத்துக்குப் பெட்டி மூடி அடுக்கியிருந்தது. எல்லாம் சிவப்பெழுத்து. பக்ரீத் வருகிறது, மெஹரு ஆட்களுக்குக் கொடுக்கத் துணி பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா. ஏனுங்கண்ணா, மொகம் ஒரு மாதிரி இருக்குது?"

உட்காராமலே சொன்னேன். இழை புழுவுடையது இல்லை. பஞ்சு. புழு முன்பே பெயர் உள்ளது. ஜமாலியா என்று ஒன்று கிடையாது. தப்பு முழுக்க என்னுடையது.

அவள் கையிலிருந்த துணியை மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அப்ப அவரு பேரு வராதுங்களா?"

"வராதும்மா."

"எந்த நாட்டுலயுமுங்களா?"

உட்கார்ந்துவிட்டேன். ஒரு நண்பனுக்கு ஒன்றே ஒன்று செய்ய ஆசைப்பட்டேன், அதையும் உருப்படியாகச் செய்யவில்லை என்று சொன்னேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு கேட்டாள்:

"அந்தப் பஞ்சை நான் பாக்கலாமுங்களா?"

ஜன்னல் ஓரம் வைத்து, ஜமாலின் ஸ்லைடு ஒன்றை மாட்டி, வெளிச்சம் சரி பண்ணிக் கொடுத்தேன். முக்காட்டை ஒதுக்கிக் குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சேப்பா இருக்கறது புழுவுங்களா?"

"ஆமா."

"நூலு பச்சையா இருக்குதுங்களே."

"அதுதான் எனக்கும் புரியலை. வேஸ்ட் எல்லாம் வெள்ளை."

தலையை நிமிர்த்தவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அழவும் செய்தாள்.

"அண்ணா, இது அந்தக் கலர் லாட்டுங்க. எலைப் பச்சைன்னு சாயம் போட்டு, பாசி மாதிரி வந்து, ஒரு கடைக்காரரும் தொடலீங்க. அவரு மட்டுந்தான் போட்டுக்கிட்டுத் திரிஞ்சாரு. கண்டதையும் ஓரத்துலயே தொடைப்பாரு. தொவைக்கறப்ப எல்லாம் மீன் வாடை. நானும் எத்தனை திட்டியிருக்கறேன்."

பாசி நிறம். ஆமாம். ஆற்றில் நின்றால் அவன் எங்கே, பாசி எங்கே என்று தெரியாது. நானே கேலி செய்திருக்கிறேன். எப்படி மறந்தேன்? அவ்வளவு ஆழமான பச்சையின்மேல் என் கார்மைன் எங்கே தெரியும்!

அவள் மறுபடி குனிந்து பார்த்தாள்.

"இது எத்தனை நாளைக்கு இருக்குமுங்க?"

"பால்சம் இறுகிப்போச்சு. உடைக்காம வெச்சிருந்தா நம்ம ரெண்டு பேருக்கு அப்புறமும் இருக்கும்."

"நெறம் போகாதுங்களா?"

"இத்தனை வருஷம் போகலையே."

"சாயம் மட்டும் நல்லாத்தான் போட்டிருக்கறாரு," என்றாள்.

டீ வந்தது. பெட்டி மூடிகளைப் பற்றி நானாகக் கேட்டேன். இருக்கட்டும், அச்சடித்ததைக் கிழிக்கவா முடியும் என்றாள். ஏஜண்டு கேட்டால்? "புழுவுக்குக் கொடுத்து வெக்கலீன்னு சொல்லிப்போடறனுங்க."

கிளம்பும்போது அந்த ஸ்லைடை அவளிடமே கொடுத்துவிடலாம் என்று எடுத்து நீட்டினேன். வாங்கி, யோசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "நீங்களே வெச்சிருங்கண்ணா. இங்க வெச்சா யாராச்சும் எடுத்து வேஸ்டுல தொடச்சுப்போடுவாங்க."

16-2-70, திங்கள்

பனி இல்லை. கிணற்றடியில் தெ. யாரிடமோ, "மீனுக்குப் பேன் பாக்கறாருங்க." திருத்தவில்லை.

மீதிக் கெண்டைகள் கோயில் கிணற்றில் விடப்பட்டன. கட்டுரை திரும்பி வந்தால் பின்பக்கம் வகுப்புக் குறிப்புக்கு ஆகும்.

ஜமாலின் மூன்று ஸ்லைடிலும் நான் ஒட்டியிருந்த லேபிளை வெந்நீர் தொட்டுச் சுரண்டினேன். புது லேபிள்: கெண்டை, செவுள். அமராவதி, கொமரலிங்கம், 1956. செய்தவர் ஜமால். தட்டைப்புழு 1.

கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது. பேனாவைத் தொட்டு எழுதினேன். பனியன் நூல் 1.